நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று வேலி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

வேலப்பன் சார். கம்பெனியை நடத்தியவர். பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர்.

லிசி. புரோகிராம் எழுதுபவள். கோட்டுகால் பக்கம் கடற்கரையில் வீடு. அப்பாவுக்குக் கடல் வேலை.

ராஜேந்திரன். அவனும் புரோகிராம் எழுதுபவன். வாய் சும்மா இருக்காது.

ராதம்மா டாக்டர். ஆஸ்பத்திரி லேப் அவர் பொறுப்பு. உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றார்.

நான். பெயர் செல்லப்பன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிரிண்டருக்குத் தாள் போடுவது, அடித்த தாளைக் கிழித்து அடுக்குவது என் வேலை.

ஐந்து பேர். இடம் பாறசாலையில் ஒரு மாடி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம்.

நான் ஓய்வுபெற்று வெகுநாள் ஆகிறது. போன மாதம் ஆபீஸ் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஒரே புரோகிராமின் பழையதையும் புதியதையும் வரி வரியாகப் பார்க்காமல், கட்டமைப்பை வைத்து ஒப்பிடும் கருவி வந்திருக்கிறதாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் வித்தியாசத்தைச் சொல்லிவிடுமாம். "நீங்க அந்தக் காலத்துலயே தாள்ல செய்ததாக்கும்ணு சொல்லுகாங்க. எழுதித் தாருங்கோ" என்றார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை வைக்கிறேன்.

இந்த வேலைக்கு முன்னால் ஆறு வருஷம் நிலம் அளக்கும் கூட்டத்தில் சங்கிலி பிடித்தேன். தினக்கூலி. குன்னத்துகால், கொல்லயில் என்று ஊர் ஊராக வயல்வெளி எல்லாம் நடந்தேன். மறு சர்வே நடந்தபோது எல்லாத் துண்டுக்கும் நம்பர் மாறியது. பழைய நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் நிலம் கிடைக்காது. கிழக்கே யார் வேலி, மேற்கே எந்த ஓடை, எந்தப் பெரிய துண்டுக்குள் இந்தச் சின்னத் துண்டு என்று பார்த்தால் கிடைக்கும். அந்த வேலை முடிந்ததும் எங்களைப் போகச் சொன்னார்கள். ஒரு வாரம் சும்மா இருந்தேன். பிறகு வேலப்பன் சார் எடுத்துக்கொண்டார்.

சார் அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். சட்டைப் பையில் ஒரு பென்சில். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். காலையில் வந்ததும் இரண்டு முனையையும் பிளேடால் சீவிய பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறப்பார்.

புரோகிராமில் ஒரு வரி மாறினாலும் பழையது ஒன்று, புதியது ஒன்று முழுதாக அச்சடிக்க வேண்டும். ஓரத்தில் துளையுள்ள நீளத் தாள். இரண்டையும் மேசையில் விரிப்போம். ஒருவர் வாசிக்க வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். கேட்பவர் கையில் அடிக்கோல். வரி ஒத்தால் நீலத்தில் ஒரு கோடு. ஒக்காவிட்டால் சிவப்பில் வட்டம். பக்கம் முடிந்ததும் இரண்டு பேரும் அடியில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும். நடுவில் சார் சட்டென்று நிறுத்துவார். "இப்பம் எங்க நிக்குதோம்?" என்பார். உடனே வரியில் விரலை வைக்க வேண்டும். விரல் தடுமாறினால் அந்தப் பக்கம் முதலில் இருந்து.

சார் வாசிப்பார், நான் கேட்பேன். கோடும் வட்டமும் சார்தான் போடுவார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எழுத்து தெரியும். சார் எழுத்தெழுத்தாகச் சொல்வார், நான் எழுத்தெழுத்தாகப் பார்ப்பேன். அர்த்தம் தெரியாததால் எனக்கு அவசரம் இல்லை. அதற்குத்தான் என்னை வைத்தார் என்று நினைக்கிறேன்.

ஒரு வருஷம் போனதும் இரண்டு சொல்லின் உருவம் கண்ணில் பதிந்தது. ஒன்று இஃப். இப்படி இருந்தால் இதைச் செய் என்று அர்த்தமாம். அது ஒரு வேலியைத் திறக்கும். மற்றது எண்டிஃப். அது வேலியை அடைக்கும். வேலிக்குள் வேலி வரும். உள்ளே திறந்ததை முதலில் அடைத்துவிட்டுத்தான் வெளியே உள்ளதை அடைக்கலாம். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. பெரிய துண்டுக்குள் சின்னத் துண்டுதான்.

சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். எண்டிஃப் எழுதினால் பக்கத்திலேயே எந்த வேலியை அடைக்கிறோம் என்று பெயர் எழுத வேண்டும். மெஷின் அந்தப் பெயரைப் பார்க்காது. கடைசியாக எது திறந்து கிடக்கிறதோ அதை அடைக்கும், அவ்வளவுதான். பெயர் மனிதருக்கு. பெயர் இல்லாத எண்டிஃபைக் கண்டால் சார் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இனி அந்த ஆஸ்பத்திரி விஷயம்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று. பெயர் வேண்டாம். அவர்கள் லேபுக்கு ரிப்போர்ட் அடிக்கும் புரோகிராம் நாங்கள் கொடுத்தது. ரத்தம், சர்க்கரை, மஞ்சள் காமாலை எல்லாவற்றுக்கும் அளவு வரும். அளவு மிஞ்சினால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். கூட்ட நேரத்தில் நர்சுகள் எண்ணைப் பார்ப்பதில்லை, நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள்.

லிசி அதைப் புதிதாக எழுதினாள். பெயர்களை எல்லாம் மாற்றினாள். முன்னால் இருந்ததைப் பின்னால் வைத்தாள். பிறந்த பிள்ளைகளின் மஞ்சள் காமாலைக்குத் தனி அளவு சேர்த்தாள். நல்ல வேலைதான். ஆனால் அடிக்கோல் வைத்து ஒப்பிட உட்கார்ந்தபோது முதல் பக்கத்திலேயே எல்லா வரியும் சிவப்பு வட்டம். ஒரு வரிகூட ஒக்கவில்லை. சார் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இதை ஒத்துப்பாத்து ஒண்ணும் கிடைக்காது. மெஷின்ல ஓட்டிப் பாத்தா போதும்" என்றார்.

அப்படி அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கொடுத்து ஒன்பதாம் நாள் காலை ராதம்மா டாக்டர் எங்கள் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு ரிப்போர்ட். குன்னத்துகாலில் ஆறு வயதுப் பெண் பிள்ளை. சர்க்கரை மிக அதிகம். எண் சரியாக விழுந்திருக்கிறது. நட்சத்திரம் இல்லை. காய்ச்சல் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் பிள்ளைக்கு நினைவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறது.

"உசிரு உண்டு" என்றார் டாக்டர். "ஆனா எனக்கு வேற ஒண்ணு அறியணும். இந்த ஒன்பது நாள்ல எத்தனை தாள் இப்பிடிப் போயிருக்கு? ஆருக்கெல்லாம் போயிருக்கு?"

லிசி உடனே கம்ப்யூட்டரில் அந்தப் பிள்ளையின் வயதையும் அளவையும் போட்டாள். நட்சத்திரம் வரவில்லை. பெரியவர் வயது போட்டாள். வந்தது. எட்டு மாதப் பிள்ளை என்று போட்டாள். வந்தது. அடுத்ததைப் போடுவதற்குள் கரண்ட் போனது. ராஜேந்திரன் கீழே போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சாம். நாளைக்காக்கும் வரும்."

"ஒரு பிள்ளைக்கு வருது, ஒரு பிள்ளைக்கு வரேல்ல" என்றார் டாக்டர். "பெண்ணா, வயசா, சர்க்கரையா? எது காரணம்?"

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் அன்றன்று உள்ள முடிவுதான் இருக்கும். மறுநாள் அழிந்துவிடும், இடம் போதாது. லேபில் கையால் எழுதிய ரிஜிஸ்டர் உண்டு. ஒன்பது நாளில் எண்ணூறு பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் பத்து, பதினைந்து அளவு. காரணம் தெரிந்தால் யாரைத் தேட வேண்டும் என்று தெரியும். தெரியாவிட்டால் எண்ணூறு பேரையும் தேட வேண்டும். அதில் எந்தப் பிள்ளைக்கு நாளை நினைவு போகும் என்று யாருக்குத் தெரியும்.

"சந்தேகத்தை வச்சிட்டு நான் ஆளு விட முடியாது வேலப்பன்" என்றார் டாக்டர். "நிச்சயமா சொல்லணும்."

லிசியும் ராஜேந்திரனும் ஜன்னலோரம், கொடுத்த அன்று அடித்த தாளைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கான பகுதியை வாசித்தார்கள். நாலு பக்கம். மூன்று தடவை வாசித்தார்கள்.

"எல்லாம் செரியாட்டு இருக்கு சாறே" என்றாள் லிசி. தாளில் விரல் வைத்துக் காட்டினாள். "ஒரு வயசுக்குத் தாழ உள்ள வேலி இங்க அடைஞ்சாச்சு. பேரு எழுதியிருக்கு பாருங்கோ. அதுக்குப் பொறவாக்கும் நட்சத்திரம் வருது. எல்லாப் பிள்ளைக்கும் விழணும்."

"மெஷினுக்குப் பிராந்து பிடிச்சிருக்கும்" என்றான் ராஜேந்திரன். யாரும் சிரிக்கவில்லை.

நான் சாரிடம் போனேன். "சாறே, ரெண்டு தாளையும் எனக்குத் தாருங்கோ. தரையில விரிக்கணும்."

"செல்லப்பண்ணன் இங்கிலீஷு படிக்கப் போறாரு" என்றான் ராஜேந்திரன்.

"படிக்கல்ல. எண்ணப் போறேன்."

"என்னத்தை?"

"வேலியை."

சார் என்னைப் பார்த்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தந்தார். அந்தப் பென்சிலை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

பழைய தாளை இடப்பக்கமும் புதிய தாளை வலப்பக்கமும் விரித்தேன். காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் பிரிண்டர் ரிப்பன் டப்பாக்களை வைத்தேன். பழையதில் தொடங்கினேன். இஃப் வந்தால் அந்த இடத்திலிருந்து இடது ஓரமாகக் கீழ்நோக்கி ஒரு நீலக் கோடு. அது அடைபடுவதற்குள் இன்னொரு இஃப் வந்தால் ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு. எண்டிஃப் வந்தால் கடைசியாகத் திறந்த கோட்டை அங்கே வெட்டி முடிப்பேன். மெஷின் செய்வதும் அதுதான். எண்டிஃப் பக்கத்தில் எழுதியிருந்த பெயர் எனக்கு வாசிக்க வராது. அதனால் வாசிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு நட்சத்திரம் போடும் வரியை லிசியிடம் கேட்டு இரண்டு தாளிலும் சிவப்பில் குறித்துக்கொண்டேன்.

பழையது முடிந்தது. நட்சத்திரத்துக்கு இடது பக்கம் கோடுகளை எண்ணினேன். இரண்டு.

புதியதை முடித்தேன். எண்ணினேன். மூன்று.

தப்பாக இருக்கும் என்று வெள்ளைத் தாள் வாங்கி அதில் இன்னொரு தடவை போட்டேன். இரண்டு. மூன்று. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். டாக்டர் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"சாறே, பழையதுல நட்சத்திரம் ரெண்டு வேலிக்குள்ள நிக்குது. புதுசுல மூணு வேலிக்குள்ள."

சாருக்கு முழங்கால் சரியில்லை. ஆனாலும் தரையில் முட்டுக்குத்தினார். மூன்று கோட்டில் எது கூடுதல் என்று பார்த்தார். முதல் கோடு, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையா என்று கேட்பது. பழையதிலும் உண்டு. கடைசிக் கோடு, அளவு மிஞ்சியதா என்று கேட்பது. அதுவும் உண்டு. நடுவில் உள்ள கோட்டை விரலால் மேலே பிடித்துக்கொண்டு போனார். அது தொடங்கும் இடத்தில் நின்றார்.

"ஒரு வயசுக்குத் தாழ" என்று வாசித்தார்.

"அது மேலேயே அடைஞ்சாச்சே சாறே!" என்றாள் லிசி.

"பேரு அப்பிடிச் சொல்லுது. செல்லப்பன் கோட்டைப் பாரு."

லிசி குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் வேலிக்குள், மஞ்சள் காமாலைக்காக அவள் புதிதாக ஒரு சின்ன வேலி திறந்திருந்தாள். அதற்கு எண்டிஃப் எழுதவில்லை. அதனால் ஒரு வயது என்று பெயர் எழுதிய எண்டிஃப் அந்தச் சின்ன வேலியைத்தான் அடைத்தது. ஒரு வயது வேலி அடைபடாமல் கீழே நீண்டு நட்சத்திரத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டது. கைக்குழந்தைக்கு நட்சத்திரம் விழும். ஒரு வயது முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு என்ன அளவு வந்தாலும் விழாது.

"நானாக்கும் அடைக்காம விட்டது" என்றாள் லிசி. "என் தப்பாக்கும் சாறே."

"ஒரு வேலி குறைஞ்சா மெஷின் ஓடாதே பிள்ளே" என்றான் ராஜேந்திரன். இந்தத் தடவை அவன் விளையாடவில்லை. "ஒரு எண்டிஃப் காணல்லைண்ணு சொல்லி நிண்ணிருக்குமே."

அது எனக்கும் உறைத்தது. கோடு எல்லாம் கடைசியில் அடைபட்டிருந்தது. மிச்சம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பகுதியின் கடைசி வரிக்குப் போனேன். அங்கே ஒரு எண்டிஃப். பக்கத்தில் வெறுமை. நாலு பக்கத்திலும் பெயர் இல்லாத எண்டிஃப் அது ஒன்றுதான்.

"இது ஆரு எழுதினது?" என்றேன்.

லிசி தலையாட்டினாள். "நான் எழுதேல்ல."

ராஜேந்திரன் கையை விரித்தான்.

சார் எழுந்து நின்றார். எழுந்திருக்க மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நானாக்கும்" என்றார்.

கொடுக்க வேண்டிய அன்று லிசி லீவு. அவள் தங்கைக்குக் கல்யாணம். ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் வந்து காத்திருந்தார். மெஷின் ஒரு எண்டிஃப் குறைகிறது என்று நின்றது. எங்கே குறைகிறது என்று சார் தேடவில்லை. கடைசியில் ஒன்றைச் சேர்த்தார். மெஷின் ஓடியது. பெரியவர் ஒருவர், கைக்குழந்தை ஒன்று என்று ஓட்டிப் பார்த்தார். நட்சத்திரம் விழுந்தது. கொடுத்துவிட்டார்.

"அவ வேலியைத் திறந்து போட்டுட்டுப் போனா" என்றார் சார் டாக்டரிடம். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "நான் தப்பான இடத்துல அடைச்சேன். திறந்து கிடந்திருந்தா மெஷினே காட்டிக் குடுத்திருக்கும். மறைச்சது நானாக்கும்."

டாக்டர் கையில் இருந்த ரிப்போர்ட்டை மடித்தார். "ஒண்ணு முதல் பன்னிரண்டு. நிச்சயமா?" என்று மட்டும் கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார்.

"நிச்சயம் டாக்டரே" என்றேன்.

எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரிஜிஸ்டரை வெளிச்சம் உள்ள வராந்தாவில் வைத்தோம். டாக்டர் வாசித்தார், சார் கேட்டார், அதே அடிக்கோலோடு. அந்த வயதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நட்சத்திரம் விழுந்திருக்க வேண்டியவர்கள் பதினேழு பேர். வெயில் தாழ்வதற்கு முன்னால் பட்டியல் முடிந்தது. முதல் பெயர் குன்னத்துகால் பிள்ளை. மிச்சம் பதினாறு வீடு. போன் உள்ள வீடு ஒன்றுகூட இல்லை.

சார் பட்டியலை என்னிடம் தந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கட்டம் போட்டிருந்தார். வீட்டுக்காரர் அதில் ஒப்பு போட வேண்டும், விஷயத்தைக் கேட்டு மனசிலாச்சு என்பதற்கு.

"உனக்கு வீடெல்லாம் தெரியும்" என்றார். "போய் நேரா சொல்லு. பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லு. மெஷின் தப்புண்ணு சொல்லப்பிடாது. கம்ப்யூட்டர்காரங்க தப்புண்ணு சொல்லு. எம்பேரைச் சொல்லு."

சைக்கிளில் போனேன். வழி தெரியும், எல்லாம் சங்கிலி பிடித்து நடந்த இடம். அன்று ஏழு வீடு. மறுநாள் எட்டு. அதில் மூன்று களியக்காவிளை தாண்டி. கொல்லயிலில் ஒரு வீட்டில் தகப்பன் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு என் காலடியில் போட்டார்.

"கம்ப்யூட்டர் வந்தா தப்பே வராதுண்ணு போர்டு எழுதி வச்சிருக்கியளே ஓய்?"

"தப்பு வந்துபோச்சு."

"என் பிள்ளைக்கு வல்லதும் ஆயிருந்தா?"

பட்டியலை எடுத்துத் துடைத்தேன். நின்றேன். அவர் மனைவி பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "ஒப்பு போடுங்கோ. பஸ்ஸு போயிரும்" என்றாள். அவர் போட்டார். பேனா தாளைக் கிழித்தது.

குன்னத்துகால் பிள்ளையின் தாயிடம் சாரே போனார், பெரிய ஆஸ்பத்திரிக்கு. என்னை வரவேண்டாம் என்றார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒப்போடு வந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆயுசுக்கும் ஊசி.

கரண்ட் வந்ததும் லிசி புரோகிராமைத் திருத்தினாள். பெயரில்லாத எண்டிஃபை எடுத்தாள். விட்டுப்போனதை அதன் இடத்தில் எழுதினாள். நான் புதுத் தாளில் கோடு போட்டேன். இரண்டு. அதன் பிறகு எந்தப் புரோகிராம் மாறினாலும் எங்கள் ஆபீசில் முதலில் வேலி. வரி அதற்குப் பிறகு. நான் இருந்தவரை அந்தக் கோட்டை நான்தான் போட்டேன். சார் லிசியை வேலையை விட்டு அனுப்பவில்லை. தப்பு நடந்தால் எழுதும் நோட்டில் காரணம் என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் எழுதினார். லிசி பக்கத்தில் தன் பெயரையும் எழுதினாள். அவர் அதை அடிக்கவில்லை.

பட்டியலில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. நாலு வயது ஆண் பிள்ளை, கோட்டுகால், கடற்கரை. ரத்தத்தில் உப்பு அளவு மோசம். நான் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். தொழிலுக்காகக் குடும்பத்தோடு வடக்கே போயிருக்கிறார்கள், எந்தக் கரை என்று தெரியாது என்றார்கள். வந்து சொன்னேன். லிசி எழுந்தாள்.

"எனக்க அப்பா கண்டுபிடிப்பாரு சாறே. எந்தக் கரையில எந்த வள்ளம் நிக்குதுண்ணு அவருக்கு அறியும்."

அவள் அப்பா அன்றே பஸ் ஏறினார். ஒரு நாள் தகவல் இல்லை. லிசி வேலைக்கு வந்தாள், ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜேந்திரன் அவளுக்குச் சாயா வாங்கி வைத்தான். ஆறிப்போனது. இன்னொன்று வாங்கி வைத்தான்.

மறுநாள் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் லிசியின் அப்பா மாடி ஏறி வந்தார். பின்னால் ஒரு ஆளும் அவர் மனைவியும். மனைவி தோளில் பிள்ளை. கால் வீங்கியிருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் கையிலேயே வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அரை மணி கழித்து வெளியே வந்து, "நேரம் இருக்கு" என்றார்.

பிள்ளையின் தகப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பட்டியலை நீட்டினேன். எழுதத் தெரியாது என்றார். மை டப்பாவைத் திறந்தேன். கயிறு இழுத்து வெடித்த விரல். முதல் தடவை ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். விழுந்தது.

பட்டியலை சாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினார்.

ஒப்பு பதினான்கு. பெருவிரல் மூன்று. ஆக, பதினேழு.